தொட்டில் கொக்கி

நான் காதல் கதை எழுதுகிறவள். இதை ஊரில் நானாக யாரிடமும் சொல்வதில்லை. ரேஷன் கடையில் யாராவது பக்கத்தில் வந்து, "அந்தக் கதை எழுதுத அம்மா நீங்கதானா?" என்று கேட்டுவிட்டால், அடுத்த வீட்டு முருங்கைக்காயைப் பறித்து மாட்டிக்கொண்டவளைப் போல "ஆமா" என்பேன். அதற்கப்புறம் அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எண்ணெய் வழிந்த முகமும் கையில் அரிசிப் பையுமாக நிற்கிற இந்தப் பொம்பளையா அதையெல்லாம் எழுதுகிறாள் என்ற பார்வை அது. எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

எழுதுவதெல்லாம் ஃபோனில்தான். அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரு கண் பாலின் மேலும் ஒரு கண் திரையின் மேலுமாகக் கட்டைவிரலால் எழுதுவேன். வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயம் இணையத்தில் ஏற்றியாக வேண்டும். ஒரு நாள் தவறினால் உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிற பெண்கள், "அக்கா, அடுத்தது எப்போ? இப்படி நிப்பாட்டிட்டுப் போனா எப்படிச் சோறு இறங்கும்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கதை முடிந்ததும் சென்னையில் ஒருவர் புத்தகமாகப் போடுவார். ஒரு பெண் அதையே குரலில் வாசித்து யூடியூபில் ஏற்றுவாள். அவள் வாசிக்கும்போது மட்டும் என் கதை எனக்கே கொஞ்சம் நன்றாக இருக்கும்.

என் கதாநாயகர்கள் ஆரம்பத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். முறைப்பார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள், சாப்பிடாமல் எழுந்து போவார்கள். அது ஒரு கணக்கு. பாதிக் கதை தாண்டியதும் ஒருநாள் உடைந்துபோய் அவள் கையைப் பிடித்துப் பேச ஆரம்பித்தால் பிறகு நிறுத்தவே மாட்டார்கள். அந்த அத்தியாயம் வருகிற அன்றைக்கு வாசகிகள் அழுது தீர்ப்பார்கள். "இப்படி ஒருத்தன் எங்கக்கா இருக்கான்? அட்ரஸ் குடுங்க" என்று எழுதுவார்கள். எனக்கு மட்டும் அட்ரஸ் தெரியுமா என்ன?

என் வீட்டில் இருக்கிற ஆண்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் மில்காரர்கள். விக்கிரமசிங்கபுரத்தில் இது அதிசயமில்லை. ஊரே நூல் மில்லைச் சுற்றி வளர்ந்த ஊர்தான். என் வீட்டுக்காரர் ஆயுசில் பாதியை அந்த மிஷின் சத்தத்துக்குள் கழித்து ரிட்டையர் ஆனவர். மகன் இப்போது அங்கேயே ஃபிட்டராக இருக்கிறான். உள்ளே பேசினால் கேட்காது. அதனால் எல்லாவற்றுக்கும் கைச்சாடை வைத்திருப்பார்கள். மிஷின் நின்றுவிட்டால் ஒரு சாடை, மேஸ்திரி வருகிறார் என்றால் ஒரு சாடை, டீக்கு ஒன்று. வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. என் வீட்டில் அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை இல்லாமல் முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அவர் கையை விரித்து ஒரு ஆட்டு ஆட்டினால் அவன் மோர்ச் சட்டியை நகர்த்துவான். புதிதாக வருகிறவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை என்று நினைப்பார்கள்.

நான் கதை எழுத வந்ததற்கே இந்த அமைதிதான் காரணம் என்று தோன்றும். வீட்டில் கேட்காத பேச்சையெல்லாம் நானே எழுதிப் படித்துக்கொண்டேன். இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் நல்ல மனிதர். என் புத்தகப் பார்சலைத் தபாலாபீசுக்கு இன்றைக்கும் அவர்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை திறந்து பார்த்ததில்லை.

மகனுக்குப் பெண் தேடியபோது முக்கூடலில் ஒரு வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா வாழை போட்டிருந்தார். அம்மா பீடி சுற்றுகிறவர். பீடி இலைச் சொளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்கப் பீடி சுற்றும்போது என் கதைகளைத்தான் ஃபோனில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புத்தகத்துப் பின்னட்டையில் இருக்கிற என் படத்தை மகள் காட்டியிருக்கிறாள். அந்தப் படத்தில் நான் கொஞ்சம் மெலிந்திருப்பேன். அப்படியும் கண்டுபிடித்துவிட்டார்.

மகள் அம்மாவை விட ஒரு படி மேல். நான் எழுதிய எல்லாவற்றையும் படித்திருந்தாள். நானே மறந்துபோன ஒரு கதாநாயகியின் தங்கச்சிக்குக் கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்று என்னிடமே சொன்னாள். மாப்பிள்ளையைப் பார்த்ததை விட என்னைத்தான் அதிகம் பார்த்தாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

"எம்மா, முன்கூட்டியே சொல்லிருதேன். என் மவன் நல்லவன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனா பேச மாட்டான். எதுக்கும் வாயத் தொறக்க மாட்டான்."

அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். "தெரியும் அத்தை."

அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். நான் எச்சரிக்கை என்று சொன்னதை அவள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். பேசாதவன் என்றால் பாதிக் கதை தாண்டியதும் பேசுவான் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே. சரி என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நடந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தப் பாதிக் கதைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

நல்ல பெண். அவள் வந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. என்னுடைய அத்தியாயங்களை ஏற்றுவதற்கு முன்னால் அவள்தான் படித்துப் பார்ப்பாள். "அத்தை, இவன் இவ்வளவு சீக்கிரம் மன்னிப்புக் கேட்டா நல்லா இருக்காது. இன்னும் கொஞ்சம் இழுங்க" என்பாள். மாமனாரின் கைச்சாடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டு, அவர் கையைத் தூக்குவதற்கு முன்பே டீயை நீட்டுவாள். புருசனிடம் மட்டும் சாடையில் பேச மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். "என்கிட்ட வாயால சொல்லுங்க" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே சைக்கிள் கடைப் பக்கம் போய்விடுவான்.

அவள் முழுகாமல் இருந்தாள். மூன்றாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கிருந்தோ டிரில் மிஷினை வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றும் சொல்லாமல் அவர்கள் அறைக்குள் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேலே கான்கிரீட்டில் துளை போட ஆரம்பித்தான். சத்தம் கேட்டு நான் ஓடினேன்.

"ஏல, என்னல செய்யுத?"

"கொக்கி."

"என்ன கொக்கி?"

அவன் பதில் சொல்லாமல் இரண்டு கையையும் சேர்த்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். தொட்டில்.

எனக்குப் பகீரென்றது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கென்று ஒரு பொட்டுத் துணிகூட எங்கள் பக்கத்தில் வாங்க மாட்டோம். பேர் யோசிக்க மாட்டோம். இவன் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கிறான். "ஏல, பொறக்க முந்தி தொட்டிலுக்குக் கொக்கி அடிப்பாகளா? எறங்குல கீழ!" என்று கத்தினேன். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். விடு என்று அர்த்தம். மருமகள் கீழே பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் சிமெண்ட் தூளாக அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மருந்து டப்பாவை எடுக்க வந்தபோது என் காதோடு சொன்னாள். "அத்தை, பாத்தீகளா? உங்க கதைல ஒருத்தன்கூட இப்படிச் செஞ்சதில்ல." அந்த ஒரு கொக்கியில் அவளுக்கு எல்லாப் பேச்சும் வந்து சேர்ந்துவிட்டது. படம் எடுத்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள்.

அதற்கடுத்த மாதம் ஸ்கேன் பார்க்கப் போன இடத்தில் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை, சில நேரம் இப்படி ஆகும் என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். அவர் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது. எனக்கும் அது பேரப்பிள்ளை. நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

முக்கூடலில் இருந்து அவள் அம்மா வந்தார். வந்தவர் வார்டு வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, முந்தியே கொக்கி அடிச்சிருக்கக் கூடாது மதினி" என்று தேம்பினார். வஞ்சகமாகச் சொல்லவில்லை. பெற்றவள் வயிறு எரிந்து வந்த வார்த்தை அது. நானும் அதைத்தான் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், தூணுக்குப் பக்கத்தில் என் மகன் நிற்கிறான். கையில் இளநீர். அவனுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது.

இளநீரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது அவன் விரல் இடுக்கில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. நான் கேட்கவில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். படுக்க வைத்ததும் மேலே பார்த்தாள். கொக்கி இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளைச் சிமெண்ட் பூசி, தேய்த்துச் சமமாக்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் பழைய சுண்ணாம்பு நிறத்தில் இருக்க, அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவனைக் கேட்டாள்.

"அத ஏன் கழட்டுனீக?"

அவன் கதவுப் பக்கம் நின்றுகொண்டு, "சும்மாதான்" என்றான்.

நான் அங்கேதான் இருந்தேன், கையில் கஞ்சியோடு. "சும்மாதான்" என்ற வார்த்தையை இந்தத் தமிழில் எவன் கண்டுபிடித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும். என் மகன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது, அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடம்பு தேறும்வரை என்று அவள் அம்மா கூட்டிக்கொண்டு போனார். அது வழக்கம்தான். உடம்பு தேறிவிட்டது. அவள் வரவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஃபோன் செய்தால் நன்றாகப் பேசுகிறாள், மாமா மாத்திரை போட்டாரா என்று கேட்கிறாள். எப்போது வருகிறாய் என்றால் மட்டும், "பாக்கலாம் அத்தை" என்கிறாள். அந்தப் "பாக்கலாம்" வரவர மெலிந்துகொண்டே போகிறது.

அவன் ஏன் கழற்றினான் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வேண்டுமானால் வராந்தாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெற்ற தாயின் வாயிலிருந்து வந்த வார்த்தையை, அந்தத் தாயின் வீட்டில் படுத்திருக்கிறவளிடம் நான் எப்படிச் சொல்வது? சொல்லி இங்கே ஒன்றைச் சேர்த்து அங்கே ஒன்றை அறுக்கவா? கதையில் என்றால் மூன்றாவது ஆள் ஒருத்தி வந்து போட்டு உடைத்துவிடுவாள். அப்படி ஒருத்தியை எத்தனையோ தடவை படைத்திருக்கிறேன். இங்கே அந்த ஆள் நான்தான், எனக்கு வாய் எழும்பவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் மகன் அடுப்படிக்கு வந்தான். கையில் ஃபோன். கொஞ்சநேரம் தாளிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்மா."

"என்னல?"

"அவளுக்கு என்ன போடணும்?"

இத்தனை வருசத்தில் அவன் என் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுக்கவா முடியும்? கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினேன். ஜாக்கிரதையாகத்தான் எழுதினேன், அவன் பேசினால் எப்படிப் பேசுவானோ அப்படி. அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. இங்கே நேற்று மழை, கொடியில் கிடந்த உன் சேலையை நான்தான் எடுத்து உள்ளே போட்டேன், நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, நான் செய்தது தப்பு என்றால் வந்து திட்டு. அவ்வளவுதான். அவனிடம் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினான். அனுப்பினோம்.

பதில் உடனே வந்தது. அவன் ஃபோனுக்குத்தான் வந்தது.

"சாப்ட்டீகளா அத்தை?"

அவன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு டிபன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பொறுக்க முடியாமல் அம்பாசமுத்திரம் போய் பஸ் மாறி முக்கூடலுக்கே போனேன். அவள் நல்ல முகமாகத்தான் காப்பி கொடுத்தாள். அம்மா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, எப்படியம்மா கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"உங்க கதைல வர்ற ஆளுக எல்லாரும் மன்னிப்புக் கேக்க முந்தி மழையப் பத்திச் சொல்லுவாக அத்தை" என்றாள். கோபமில்லை. கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. "அதுவும் போக, அவுகளுக்குச் சேல கொடியில கெடந்தது கண்ணுலயே பட்டிருக்காது."

உண்மையில் அந்தச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டதும், எடுத்து உள்ளே போட்டதும் நான்தான்.

"எனக்குப் பெரிய பேச்செல்லாம் வேண்டாம் அத்தை. எங்க ரெண்டு பேருக்கும்தான பிள்ள? அத அவுக நெனச்சாகளா, இல்ல சாமான் பழுதாப் போச்சுன்னு கழட்டிப் போட்டாகளா? அதத்தான் நான் தெரிஞ்சுக்கிடணும். அவுகளா ஒரு வார்த்த சொல்லட்டும். தப்பா இருந்தாலும் பரவால்ல."

"எம்மா, அவன் சொல்லத் தெரியாதவன்."

"சொல்லத் தெரியாதவுகன்னு நெனச்சுத்தான வந்தேன். இப்ப, சொல்ல ஒண்ணும் இல்லாதவுகளோன்னு பயமா இருக்கு."

இந்த வசனத்தை நான் எழுதியிருந்தால் கொண்டாடியிருப்பேன். அவள் சொல்லிக் கேட்டபோது பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகனிடம், "நீயா எதாவது எழுதி அனுப்புல" என்று மட்டும் சொன்னேன். அவன் மாடிக்குப் போய் உட்கார்ந்து ஃபோனைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தான். நான் துணி எடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். தினமும் ஒரே ஒரு வார்த்தை போகிறது: "சாப்டியா." அவளிடமிருந்து ஒரே ஒரு எழுத்து வருகிறது: "ம்." இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துத் தலையில் குட்ட வேண்டும். ஆனால் எந்த உரிமையில்?

இதற்கு நடுவில் என் கதை நின்றுபோய்க் கிடக்கிறது. கதாநாயகன் அவள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டான். அடுத்த அத்தியாயத்தில் அவன் பேச வேண்டும். வாசகிகள் பொறுமையை இழந்துவிட்டார்கள், உடம்பு சரியில்லையா அக்கா என்று விசாரிக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தால் அவன் வாயில் மழை வந்து நிற்கிறது. அழித்துவிட்டு மறுபடி எழுதினால் மறுபடி மழை. அவள் இதைப் படிப்பாள் என்ற நினைப்பு வந்ததும் விரல் நகர்வதில்லை.

நேற்று மகனுக்கு வார விடுப்பு. அவன் டிபன் பையைத் துவைக்க எடுத்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் என்னவோ கனமாக இருந்தது. ஸ்பேனராக இருக்கும் என்று வெளியே எடுத்தேன். மில்லில் கை துடைக்க வைத்திருக்கிற வேஸ்ட் பஞ்சில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் கொக்கி.

அதே கொக்கிதான். திருகு மறையில் சிமெண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. ஆனால் வளைவு மட்டும் துரு இல்லாமல் எண்ணெய் பூசித் துடைத்து வழவழவென்று இருந்தது. சுற்றியிருந்த பஞ்சும் புதுசு, அழுக்கில்லை. அடிக்கடி மாற்றுகிறான் போலிருக்கிறது. தினமும் அதைச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போய் வருகிறான். நான் அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. என் பிள்ளை ஊமையில்லை, ஊமையில்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

அவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் அவளுக்கு ஃபோன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பையை, பஞ்சை, எண்ணெயை, வழவழப்பை. பின்னால் அவள் அம்மா பீடி சுற்றிக்கொண்டு கேட்கிற ஏதோ ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகும் அவள் பேசவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு பைய, அன்பாக, ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

"நல்லா இருக்கு அத்தை. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. எந்தக் கதைல வருது?"

"எம்மா, கதையில்லம்மா. இப்ப என் கையில இருக்கு. சத்தியமா."

"உங்க கதைல எல்லாரும் சத்தியம் பண்ணுவாக அத்தை" என்றாள். அதற்குமேல் அவளுக்கே தாங்கவில்லை. "அடுப்புல பால் இருக்கு, வைக்கட்டுமா?" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

கொக்கியைப் படம் எடுத்து அனுப்பலாம் என்று ஃபோனைத் தூக்கினேன். அனுப்பினால் என்ன? இந்த மாதிரிக் கொக்கி எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். நான் கதைக்காக எதையும் செய்கிறவள் என்று அவளுக்குத் தெரியும். மகனிடமே சொல்லி, "இத எடுத்துட்டுப் போயி அவகிட்டக் காட்டுல" என்று அனுப்பலாம். போவான். முக்கூடல் என்ன தூரமா? "அத்தை சொல்லித்தான வந்தீக?" என்று அவள் கேட்பாள். அவனுக்குப் பொய் வராது. ஆமா என்பான். அதோடு எல்லாம் போய்விடும். இத்தனை வருசமாக இல்லாததை எல்லாம் இருக்கிற மாதிரி எழுதி நம்பவைத்தேன். இருக்கிறதைச் சொன்னால் நம்ப ஆளில்லை.

குழாயடியில் நான் கொக்கியோடு உட்கார்ந்திருப்பதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அதிர்ச்சி ஒன்றும் இல்லை அவர் முகத்தில். முன்பே தெரியும் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து நின்று, கையைத் தூக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, சாடை காட்டாமல் வாயால் சொன்னார்.

"இருந்த எடத்துலயே வச்சிரு. அது அவன் சாமான்."

வெளியே பைக் சத்தம் கேட்டது. கொக்கியைப் பஞ்சில் சுற்றி, அவன் சுற்றியிருந்த மாதிரியே சுற்றி, பையின் ஜிப்புக்குள் வைத்து மூடினேன். பையைத் துவைக்கவில்லை. ஆணியில் மாட்டினேன். அவன் உள்ளே வந்து முதலில் பையைத்தான் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"சாப்டுதியா?" என்று கேட்டேன்.

"ம்" என்றான்.